கோனோவீடர்: வாங்கலாமா?

நெல்லில் குத்துக்கு ஒரே நாற்றாக நடும் ஒற்றை நாற்று நடவில், களை எடுக்க இதைவிடப் பொருத்தமான கைக்கருவி இல்லை. ஆனால் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. என்பதுபோலச் சதுரமாக, வரிசையாக நட்ட வயலில்தான். கயிறு பிடித்து வரிசை பார்க்காமல் நட்டிருந்தால் காசு வீண். களையோடு பயிரும் போகும்.

பல் வைத்த இரண்டு கூம்பு உருளைகள், முன்னால் ஒரு மிதவை, நீண்ட கைப்பிடி, அவ்வளவுதான். முன்னும் பின்னும் தள்ளி இழுக்க, களை சேற்றில் புதைந்து உரமாகிறது. மண்ணும் கிளறப்பட்டு வேருக்குக் காற்று கிடைக்கிறது. நட்ட 10ஆம் நாள் முதல் ஓட்டம், பிறகு 10 நாளுக்கு ஒருமுறை, குறுக்கும் நெடுக்குமாக. தண்ணீர் 2 செ.மீ. நிற்கட்டும். காய்ந்த களிமண்ணில் உருளை சுற்றாமல் இழுபடும். தண்ணீர் அதிகமானால் களை மிதந்து மறுபடி வேர்பிடிக்கும். முதல் ஓட்டம் தாமதமானால் கோரை கூம்பில் சுற்றிக்கொள்ளும்.

குறை? குத்தை ஒட்டிய களைக்குக் கைதான் கதி. உருளையின் புஷ் (அச்சு சுற்றும் உள்வளையம்) சேற்றில் சீக்கிரம் தேயும். கழற்றி மாற்றும்படி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைப்பிடி உயரத்தையும் மிதவைக் கோணத்தையும் மாற்ற முடியாத மலிவு ரகம் வேண்டாம், முதுகு பிடித்துக்கொள்ளும்.