வரைபடத்தில் புள்ளி எடுக்க எது உகந்தது: மேட்பிளாட்லிப், ஆரிஜின், க்னூபிளாட்

ஈரோட்டு மஞ்சளில், அதற்கு நிறம் தரும் குர்குமின் என்ற சேர்மத்தின் அளவைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காக, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் பவானிசாகர், கொடுமுடிப் பக்கத்துத் தோட்டங்களிலும் விரலியும் கிழங்குமாக 48 மாதிரிகள் சேகரித்தேன். ஒவ்வொன்றையும் பொடித்து, எத்தனாலில் கரைத்து, 350 முதல் 550 நானோமீட்டர் அலைநீளம் வரை 1 நானோமீட்டர் இடைவெளியில் ஒளி உறிஞ்சலை அளந்தால், மாதிரிக்கு 201 புள்ளிகள் கிடைக்கும். அவற்றை வரைந்து, உச்சத்தில் ஒன்றும் அடிக்கோட்டில் (உச்சத்தின் இருபுறமும் வரைபடம் தாழ்ந்து நிற்கும் பகுதியில்) இரண்டுமாக மூன்று புள்ளிகளைச் சுட்டியால் தொட்டு எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு மூன்று மென்பொருள்களைப் பயன்படுத்திப் பார்த்து, முடிவில் பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப்பில் நிலைத்தேன்.

உச்சத்தைக் கண்டுபிடிக்கத் தானியங்கி நிரல் இருக்கும்போது கையால் எடுப்பானேன் என்று கேட்கலாம். குர்குமினின் உச்சம் ஏறத்தாழ 425 நானோமீட்டரில் வரும். மஞ்சளில் அதனுடன் சேர்ந்தே இருக்கும் வேறு இரண்டு சேர்மங்களின் உச்சம் சற்றுக் குறைந்த அலைநீளத்தில் வரும். ஆகவே உச்சம் ஓரிரு நானோமீட்டர் நகர்ந்திருந்தாலும் அது எங்களுக்கு ஒரு செய்தி. ஆனால் அந்த உச்சம் கூர்மையானதன்று, அகன்று தட்டையானது; இரைச்சலால் (அளவீட்டில் தற்செயலாக வரும் சிறு ஏற்ற இறக்கத்தால்) துள்ளி நிற்கும் ஒரு புள்ளியையே நிரல் உச்சமென்று எடுத்துவிடுகிறது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் தீராது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆரிஜினுக்கு உரிமம் வாங்க வேண்டும், மற்ற இரண்டும் இலவசம். க்னூபிளாட் பழைய கணினியிலும் நொடியில் திறக்கும். சொடுக்கிய இடத்தின் ஆயங்களை (கிடை, செங்குத்து மதிப்புகளை) மவுஸ்_எக்ஸ், மவுஸ்_ஒய் என்ற மாறிகளில் தந்துவிடும். ஒரு வரைபடத்தை விரைவாகப் பார்த்து ஏறத்தாழ ஒரு மதிப்பைக் குறித்துக்கொள்ள அது போதும்.

ஆனால் அது தருவது சுட்டி நின்ற இடம். கருவி அளந்த புள்ளியன்று. என் தேர்வைத் தீர்மானித்தது இந்த ஒரு வேறுபாடுதான். மேட்பிளாட்லிப்பிலும் ஜின்புட் என்ற எளிய செயல்கூறு இதையே செய்கிறது. தொடக்கத்தில் நான் அதைத்தான் பயன்படுத்தினேன்: இடப்பொத்தானில் புள்ளி சேரும், வலப்பொத்தானில் கடைசிப் புள்ளி நீங்கும், காலவரம்பை மாற்றாவிட்டால் 30 நொடியில் தானே முடிந்துவிடும். முதல் அட்டவணையை நெறியாளரிடம் காட்டியபோது, 424.37 என்ற எண்ணின் மேல் பேனாவை வைத்து, "ஒவ்வொரு நானோமீட்டருக்கும் அளந்த கருவியில் இந்த .37 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். என் கை நின்ற இடத்திலிருந்து வந்தது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. அந்த அட்டவணை முழுவதையும் திரும்பச் செய்தேன்.

அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டது பிக் ஈவென்ட் என்ற வழி. வரையும்போது பிக்கர் என்ற அளவுருவை 5 என்று கொடுத்துவிட்டால், சொடுக்கிய இடத்திலிருந்து 5 பாயின்ட் (ஓர் அங்குலத்தில் 72 பாயின்ட்) தொலைவுக்குள் உள்ள உண்மையான தரவுப் புள்ளிகளின் வரிசை எண்களை அது தருகிறது. எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால், என் தரவில் 75 என்றால் 425 நானோமீட்டர். இடையில் பின்னம் நுழைய வழியே இல்லை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 201 புள்ளிகளை 15 சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்தால் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 2 பாயின்ட் அளவே இருக்கும். ஆகவே தட்டையான உச்சத்தில் ஒரே சொடுக்குக்கு 73 முதல் 77 வரை ஐந்து எண்கள் வந்து நிற்கும். அவற்றுள் சுட்டிக்கு மிக அருகில் உள்ளதை எடுக்க நாமே இரண்டு வரி நிரல் எழுத வேண்டும். கோடு போடாமல் புள்ளிகளாக மட்டும் வரைந்துகொள்வதும் நல்லது. கோடு இருந்தால் இரு புள்ளிகளுக்கு நடுவே கோட்டின் மேல் சொடுக்கியதும் கணக்கில் வந்துவிடும்.

வரிசை எண்ணைச் சேமித்ததன் பலன் சில மாதங்கள் கழித்துத்தான் முழுமையாகத் தெரிந்தது. ஒரு நாள் அளந்த 16 மாதிரிகளுக்கு, கழித்த வெற்றுக் கரைப்பானின் (மஞ்சள் சேராத எத்தனாலின்) அளவீடே தவறு என்று தெரியவந்தது. கரைசலை ஊற்றி அளக்கும் குவெட் என்ற சிறு குப்பி சரியாகக் கழுவப்படவில்லை. மூல அளவீடுகள் தனியாக இருந்ததால் சரியான அளவீட்டைக் கழித்து நிரலை மீண்டும் ஓட்டினேன். கோப்பின் பெயர், வரிசை எண், எடுத்த தேதி என்று சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்பில் அந்த 16 மாதிரிகளுக்கு மும்மூன்றாக இருந்த 48 வரிகளும் தத்தம் இடத்திற்குப் போய்ப் புதிய மதிப்புகளை எடுத்துக்கொண்டன. பழைய தேர்வுகளை வட்டமிட்டுக் காட்டச் செய்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில் இரண்டில் மட்டும் உச்சம் ஓர் எண் தள்ளியிருந்தது; அவற்றை மட்டும் திருத்தினேன். ஆயங்களை மட்டும் குறித்து வைத்திருந்தால் உறிஞ்சல் மதிப்புகள் பழையனவாகவே நின்றிருக்கும். அத்தனையையும் புதிதாகத் தொட்டு எடுக்க நேர்ந்திருக்கும்.

ஆரிஜினுக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதன் டேட்டா ரீடர் கருவியும் உண்மையான புள்ளியில்தான் போய் அமர்கிறது. வரிசை எண்ணையும் மதிப்புகளையும் சிறு சாளரத்தில் காட்டுகிறது. இட வல அம்புக்குறிகளை அழுத்தினால் அடுத்த புள்ளிக்கு நகர்கிறது. ஸ்கிரீன் ரீடர் என்ற வேறு கருவி சுட்டி நின்ற இடத்தின் ஆயத்தைத் தருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிரல் எழுதப் பழகாதவருக்கு, பத்துப் பன்னிரண்டு வரைபடங்களே உள்ள வேலைக்கு, நான் ஆரிஜினையே சொல்வேன். ஆய்வகத்தில் உரிமம் உள்ள கணினி ஒன்றே இருந்ததால் சில வாரங்கள்தான் அதில் வேலை செய்தேன். ஆகவே நூற்றுக்கணக்கான வரைபடங்களை அதில் கையாளும் வேகத்தைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது.

மேட்பிளாட்லிப்பைத் தேர்ந்தெடுப்பவர் முதல் நாளே இடறும் இடம் ஒன்று உண்டு. உலாவியில் பைத்தான் நிரலை எழுதி ஓட்டும் ஜூப்பிட்டர் ஏட்டில் இன்லைன் முறையில் வரைந்தால் கிடைப்பது வெறும் படம். அதில் எத்தனை முறை சொடுக்கினாலும் ஒன்றும் நடக்காது. விட்ஜெட் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது நிரலைத் தனிக் கோப்பாக ஓட்டி, க்யூட்டி என்ற நிரலகம் தரும் தனிச் சாளரத்தில் திறக்க வேண்டும். நான் இரண்டாவதைச் செய்கிறேன். சாளரத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகள் விலகி நிற்கும், ஐந்து எண்கள் வந்த சொடுக்குக்கு இரண்டோ மூன்றோதான் வரும்.