பழைய வீட்டு மரமும் ஓடும்: வேலூர்ப் பக்கத்துக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் சுற்று ஊர்களில் பிரிக்கிற ஓட்டு வீடுகளின் சாமான்கள் வந்து சேரும் கடை இது. இங்கே போக முதல் காரணம், தனித்தனிப் பலகைகளைச் செருகி மூடும் பலகைக் கதவு. திண்ணையை ஒட்டிக் கடை வைத்திருந்த வீடுகளின் முகப்பு, மேல்கட்டை கீழ்கட்டையோடு முழுசாகக் கிடைக்கிறது. உதிரிப் பலகையாக வாங்கினால் பொருத்தவே முடியாது.

காரணம், பலகையை மேல்காடியில் (மேல்கட்டையில் வெட்டிய பள்ளத்தில்) தூக்கிச் செருகித்தான் கீழ்காடியில் இறக்க வேண்டும். மேல்காடி நல்ல ஆழமாக இல்லாவிட்டால் பலகை ஏறாது. பக்கத்துப் பலகையின் விளிம்புக்குத் தக்கபடி இழைத்திருப்பதால் 4-ம் பலகை 5-ன் இடத்தில் உட்காராது. அதற்காகத்தான் எண் வெட்டியிருக்கிறார்கள். தரையில் வரிசையாக அடுக்கி, எண் விடுபடாமல் இருக்கிறதா, பூட்டுப் பட்டை மாட்டும் கடைசிப் பலகை இருக்கிறதா என்று பார்த்தபிறகே பணம் கொடுங்கள். கடைக்காரர் பொறுமையாக அடுக்கிக் காட்டுகிறார்.

தூண், நிலை விஷயத்தில் ஒரு குறை: எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள், உளுத்தது தெரிவதில்லை. தூணின் அடி அரை அடியைச் சுரண்டிப் பாருங்கள். கல்மேல் நிற்காமல் மண்ணைத் தொட்டு நின்ற தூண் அங்கேதான் கெடும். கத்தி முனை சுலபமாக இறங்கினால் வேண்டாம். பனங்கையில், அதாவது கூரை தாங்கும் பனஞ்சட்டத்தில், வெட்டுமுகத்தைப் பாருங்கள். கறுத்த நார் நெருங்கியிருந்தால் வைரம், வெளுத்த சோறு (மெத்தென்ற உட்பகுதி) அதிகமென்றால் பாரம் தாங்காது. விலை கன அடிக் கணக்கு. துளைபோட்ட முனையைக் கழித்து அளக்கச் சொன்னால் கழிக்கிறார்கள்.

ஓட்டில் ரொம்பவே கவனம் வேண்டும். பல கம்பெனிச் சீமை ஓட்டை (மங்களூர் ஓட்டை) ஒரே குவியலாகக் கொட்டியிருக்கிறார்கள். அடியில் உள்ள முத்திரை பார்த்து ஒரே அச்சாகப் பொறுக்குங்கள். அச்சு மாறினால் காடி கவ்வாது, ஐப்பசி மழையில் சாரல் உள்ளே இறங்கும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்றால் கீறல், இல்லை அரைவேக்காடு. 100 சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு பிடிக்கும். உடைசலுக்குப் பத்துக்கு ஒன்று கூடுதலாக எடுங்கள். ரீப்பரை (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டத்தை) ஓடு வந்தபிறகு அளந்து அடியுங்கள், இடைவெளி சுமார் 12½ அங்குலம் வரும். சரிவு ஒரு அடிக்கு 7 அங்குலம் இருந்தால் நல்லது.

மூட்டையில் கட்டி விற்கும் சுண்ணாம்பை வாங்காதீர்கள். காற்றுப்பட்டு வீரியம் போனது, பூசினால் மாவாக உதிரும். சூளையில் சுட்ட சுண்ணாம்புக்கல் வாங்கி நீங்களே தண்ணீர்விட்டு நீற்றி, தண்ணீருக்கடியில் சில வாரமாவது ஊறவிடுங்கள். நிலை பதிக்கச் சிமெண்ட் போதும் என்று கடையின் கொத்தனார் சொல்வதையும் கேட்க வேண்டாம். மண்சாந்துச் சுவரில் சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, நிலையின் அடி மறுபடி உளுக்கும்.

வண்டி வாடகை தனி. ஓட்டைப் படுக்கவைத்து ஏற்றினால் அடியில் உள்ளது நொறுங்கும். நிற்கவைத்து, இடையில் வைக்கோல் திணித்து ஏற்றச் சொல்லுங்கள்.