காதுக்குள் பார்க்காமலே காதுக்கு மருந்து விற்கிறார்கள்: கம்பம், குமுளி பக்கத்தவர்கள் கவனத்துக்கு

'இலவசக் காது பரிசோதனை முகாம்' என்ற பெயரில் ஒரு கூட்டம் கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் மண்டபம் மண்டபமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. காதில் சீழ், காது இரைச்சல், காது மந்தம் எதுவானாலும் சரி, ஒரே பெட்டிதான். உள்ளே இருப்பது பி வைட்டமின் மாத்திரை. விலை 4,800 ரூபாய். என் அம்மாவின் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயனில்லை. ஊருக்கு ஒரு பெயரில் நோட்டீஸ் அடிக்கிறார்கள்.

அம்மா வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலை ஏறிப் போய், பொழுது சாயத் திரும்புவார். மழைக்காலத்தில் தலையில் கட்டிய துண்டு நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். அவருடைய வலது காதில் நெடுநாளாகச் சீழ் வருவதும் நிற்பதுமாக இருந்தது. மருந்துக்கடையில் சொன்னால் ஆன்டிபயாடிக் ஓர் அட்டை, கூடவே பி காம்ப்ளெக்ஸ் ஓர் அட்டை கிடைக்கும். நம் ஊரில் எந்த மாத்திரைச் சீட்டிலும் கறிவேப்பிலைபோல பி காம்ப்ளெக்ஸ் கிடப்பதால், நோயைக் குணமாக்குவதில் அதற்கும் பங்கு உண்டு என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. இந்த முகாம்காரர்கள் அந்த நம்பிக்கையின் மேல்தான் கடை விரித்திருக்கிறார்கள்.

எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் இருக்கும் குமுளியில் ஒரு மண்டபத்தில் முகாம். தோட்டத்துப் பெண்கள் ஜீப்போடு போய் இறங்கியிருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன் அம்மாவின் காதில் ஹெட்போன் மாட்டினான். கம்ப்யூட்டர் திரையில் சிவப்பும் நீலமுமாகக் காது நரம்பின் படம் ஒன்று ஓடியது. "நரம்பு வறண்டுவிட்டது அம்மா. வைட்டமின் ஏறினால் சீழ் தானாக வற்றிவிடும்" என்றான். "உள்ளே பார்க்க வேண்டாமா தம்பி?" என்று அம்மா கேட்டிருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாவுக்குத் தோன்றிய கேள்வி அது. "கம்ப்யூட்டரே உள்ளே பார்த்துவிட்டதே அம்மா" என்று பதில் வந்திருக்கிறது. கையில் ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு, மீதியை வாரத் தவணையாக ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்பச் சொன்னார்கள். டிரைவருக்கு அதில் என்ன கிடைத்தது என்று நான் ஊகித்து எழுதப் போவதில்லை.

இனிச் சொல்வதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம். மாத்திரை விழுங்கியதும் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் போனது. போனில் கேட்டபோது, "காதுக் கழிவு வெளியேறுகிறது" என்றார்கள். சிறிது நேரத்தில் முகமும் இரண்டு காதுகளும் சூடாகிச் சிவந்தன. "மருந்து காது நரம்பைத் தொட்டுவிட்டது" என்றார்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பி2 வைட்டமின், அதாவது ரைபோஃபிளேவின். அதற்கே இயல்பாக மஞ்சள் நிறம் உண்டு. உடம்புக்குத் தேவைப்படாத மிச்சம் சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். காது சூடானதற்குக் காரணம் நிகோடினிக் அமிலம் என்ற பி3. அளவு கூடினால் தோலுக்கு அடியில் இருக்கும் சிறு இரத்தக் குழாய்களை அது விரித்துவிடும். முகமும் காதும் கழுத்தும் சிவக்கும். நல்ல காது உள்ளவர் விழுங்கினாலும் இதேதான் நடக்கும். சீழ் பிடித்த காதும் சிவந்தது, பிடிக்காத காதும் சிவந்தது என்பதையாவது அவர்கள் யோசித்துப் பொய் சொல்லியிருக்கலாம்.

அம்மாவின் காது மட்டும் பழையபடியே ஒழுகிக்கொண்டிருந்தது. தலையணை உறையில் மஞ்சள் கறை, பக்கத்தில் படுக்க முடியாத நாற்றம். கடைசியில் கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா முதலில் செய்த காரியம், காதில் சிறு விளக்குக் கருவியை வைத்து உள்ளே பார்த்ததுதான். பஞ்சு சுற்றிய கம்பியால் சீழைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். செவிப்பறையில் ஓட்டை. அதன் வழியாக நடுக்காதிலிருந்து சீழ் வந்துகொண்டிருக்கிறது என்றார். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகினாலே உலக சுகாதார நிறுவனம் அதை நாள்பட்ட நடுக்காதுச் சீழ் நோயாகக் கணக்கில் எடுக்கிறது.

வைட்டமின் பெட்டியை அவரிடம் காட்டினேன். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. காதில் சீழ் பிடிக்கக் காரணம் பாக்டீரியா. ஈரம் தங்கும் காதுகளில் சில நேரம் பூஞ்சை. அவற்றைக் கொல்லும் வேலையைப் பி வைட்டமின் செய்யாது என்று சொன்னார். பி12 குறைந்தவர்களுக்குக் காது இரைச்சல் இருக்கிறதா என்று ஆராய்ச்சிகள் நடந்திருப்பது உண்மைதான். ஆனால் அது நரம்பு பற்றிய விவகாரம்; அதிலும் உறுதியான பலன் நிரூபணமாகவில்லை. முகாம்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்துச் சீழோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். கூரை ஒழுகுகிறது என்று சொன்னவனுக்குச் சத்துமாவு கொடுத்த கதைதான்.

அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறைய வாய்ப்பு உண்டு என்று சொல்லி, டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். குறைவாக இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். அது தனிக் கணக்கு. பி6 வைட்டமினை அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் கை கால் நரம்பே பாதிக்கப்படும் என்ற தகவலையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். 'நரம்பு மருந்து' என்ற பெயரில் விற்ற பெட்டி அது.

காதுக்குக் கிடைத்த சிகிச்சை மிகச் சாதாரணமானது. சீழைச் சுத்தம் செய்து சிப்ரோஃபிளாக்சசின் சொட்டு மருந்து, குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு, காய்ச்சிய எண்ணெய் எதுவும் காதுக்குள் கூடாது, சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். சொட்டு மருந்தைக்கூடக் கடையில் கேட்டு வாங்காதீர்கள் என்றார். செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது ஜென்டாமைசின் போன்ற சில சொட்டுகள் உள்காதுக்குள் போய்க் கேட்கும் திறனையே கெடுத்துவிடக்கூடும். சர்க்கரைக்காரர்களுக்குத் தூங்கவிடாத காது வலி வந்தாலோ, காதின் பின்புறம் வீங்கினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, தலை சுற்றினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொற்று எலும்புக்குள் இறங்கியிருக்கலாம், மூளைவரைக்கும் போகக்கூடும். வைட்டமின் வேலை செய்யட்டும் என்று காத்திருந்த நாட்களில் அம்மாவுக்கு இது எதுவும் நேராதது எங்கள் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிதாகக் காதின் படம். பின்பக்கம் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கிறார்கள். இப்படி அச்சடித்து விற்கும் சத்து மாத்திரைகள் சட்டப்படி உணவு வகையில் சேரும். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி அவற்றை விற்கக் கூடாது. செவிட்டைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை, மருந்து, மாய வைத்திய விளம்பரங்கள் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அவர்களுடைய நோட்டீஸில் 'காது கேளாமைக்கு நிரந்தரத் தீர்வு' என்ற வரி கொட்டை எழுத்தில் இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பில் கேரளாவில் போட்டது, அங்கே போய்க் கேளுங்கள்" என்றார்கள். எல்லையோரத்தில் இருப்பவர்களை மடக்க இது ஒன்று போதும் என்பது அவர்கள் கணக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் வழி சொல்கிறார்கள். அம்மா பெயரில் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்து, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.

இதே பெட்டியை வாங்கியவர்கள் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டி, காலி அட்டை, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த ரசீது, முகாம் நோட்டீஸ், தவணை அனுப்பியதற்கான குறிப்பு எல்லாம் சாட்சியமாகும். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.