வாட்டம் கொடுத்த பிறகே பூச்சு நிலைத்தது: எங்கள் மொட்டை மாடியின் 17 மழைக்காலங்கள்

தாம்பரத்தை ஒட்டிய பகுதியில் 2008இல் நாங்கள் கட்டிய வீட்டின் மொட்டை மாடி 40 அடி நீளமும் 28 அடி அகலமும் கொண்டது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் சிவப்புத் தட்டோடு பதித்த, ஊரில் எல்லோரும் போடுகிற தளம்தான். மழைநீர் இறங்குவதற்குத் தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு 4 அங்குலக் குழாய் வைத்திருந்தார்கள். குடியேறிய முதல் ஐப்பசியிலேயே ஹெட்ரூம் (படிக்கட்டு மாடியில் வந்து முடியும் அறை) சுவருக்கும் தண்ணீர்த் தொட்டி மேடைக்கும் நடுவே ஏறத்தாழ 7 அடிக்கு 5 அடி அளவில் தண்ணீர் நின்றது. மழை விட்டு ஆறு நாளாகியும் வற்றவில்லை. "புதுத் தளம்தானே, போகப் போகச் சரியாகிவிடும்" என்று வீட்டைக் கட்டிக்கொடுத்தவர் சொன்னதை நம்பினோம். இறுகிப்போன தளம் எப்படித் தானாக வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, பிடிக்கும் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

இரும்பு அளவுகோலை நட்டுப் பார்த்தபோது நடுவில் 2 செ.மீ. ஆழம் இருந்தது, ஓரங்களில் நகக்கண் அளவு. மொத்தமாகக் கணக்கிட்டால் 30 லிட்டருக்குச் சற்றே கூடுதல். தண்ணீரின் எடையால் தளம் இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தினார். அந்தப் பயம் எங்கள் விஷயத்தில் தேவையற்றது. 1 செ.மீ. ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோதான் வரும், ஆள் நடமாடும் மொட்டை மாடியையோ சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் தாங்கும்படி வடிவமைப்பது வழக்கம். தேங்கிய தண்ணீர் செய்கிற கெடுதல் வேறு வகையானது. தட்டோட்டு இணைப்புகளில் உள்ள மயிரிழை வெடிப்புகளுக்கு அது நாள்கணக்கில் அவகாசம் கொடுக்கிறது. ஓடிவிடுகிற தண்ணீருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி பஞ்சைப் போல அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வரை மெல்ல மெல்ல ஈரத்தைக் கடத்துகிறது. 2010ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்தபோது, அந்தத் தேக்கத்துக்கு நேர் கீழே இருந்த படுக்கையறைக் கூரையில் பழுப்பு நிற வளையம் ஒன்று விழுந்து, அதன் விளிம்பில் உப்புப் பூத்திருந்தது. கொசுவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சுத்தமான தேக்கத்தில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கவும் தொடங்கிவிடும்.

2011 கோடையில் முதல் செலவு செய்தோம். நீர்க்கசிவுத் தடுப்பு வேலை எடுத்துச் செய்பவர் ஒருவர் வந்து, மாடி முழுவதும் வெள்ளை நிற அக்ரிலிக் பூச்சு இரண்டு கை அடித்து, பத்தாண்டு உத்தரவாதமும் எழுதிக்கொடுத்து, 32,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டாவது மழைக்காலத்துக்குள் தேக்கம் இருந்த இடத்தில் பூச்சு கொப்புளித்து, விரலால் இழுத்தால் பால் ஆடையைப் போல உரிந்து வந்தது. அதில் நான் கவனித்த ஒன்று முக்கியமானது: உரிந்த பகுதியின் ஓரமும், தேக்கம் வற்றும்போது படிகிற மண் கோடும், ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லாமல் ஒன்றாக இருந்தன. மாடியின் மற்ற பகுதிகளில் அதே பூச்சு நன்றாகவே இருந்தது. நீரில் கரைத்து அடிக்கும் இவ்வகைப் பூச்சு மழையைத் தாங்கும். நாள்கணக்கில் நீரில் ஊறுவதைத் தாங்காது, இளகிப் பிடிப்பை விட்டுவிடும். அடியில் ஏற்கெனவே ஈரம் அடைபட்டிருந்தால், வெயில் ஏறியதும் அது ஆவியாகிப் பூச்சை அடியிலிருந்தே தூக்கும். எங்களுக்கு இரண்டும் நேர்ந்தன. உத்தரவாதத் தாளை எடுத்துக் காட்டியபோது, தண்ணீர் தேங்கும் இடத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று பின்பக்கம் அச்சிட்டிருந்த வரியை அவர் காட்டினார்.

2013இல் பள்ளத்தைச் சிமெண்ட் கலவையால் நிரப்பிப் பார்த்தோம். தேக்கம் மூன்றடி கிழக்கே நகர்ந்ததைத் தவிர வேறு பலன் இல்லை. விளிம்பில் கால் அங்குலத்துக்கும் குறைவாக மெலிந்திருந்த கலவை, அடுத்த கத்திரி வெயிலிலேயே தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. எங்கள் மாடியின் பரப்பு சுமார் 104 சதுர மீட்டர் என்பதால், அன்று 50,000 லிட்டருக்குக் குறையாமல் அதன் மேல் விழுந்திருக்க வேண்டும். தண்ணீர் ஹெட்ரூம் வாசற்படி வரை ஏறி, படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் இறங்கியது. அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழையில், 4 அங்குலக் குழாய் ஒன்று ஏறத்தாழ 85 சதுர மீட்டர் கூரையைத்தான் வடிக்கும் என்று கட்டுமானக் கையேடுகள் சொல்கின்றன. ஆக, எங்கள் ஒற்றைக் குழாய் தொடக்கத்திலிருந்தே பற்றாக்குறைதான். அதைவிடப் பெரிய பிழை வாட்டத்தில் இருந்தது. பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்பது கொத்தனார்கள் வைக்கும் கணக்கு. அதன்படி 40 அடி நீளத்துக்கு, குழாய் உள்ள பக்கத்தைவிட எதிர்ப்பக்கம் 6 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். அவ்வளவு ஜல்லி போட யாருக்கும் மனம் வராது, தளத்துக்கும் அது வீண் சுமை. ஆகவே இரண்டு அங்குலத்தில் முடித்திருந்தார்கள். நடுவை முகடாக வைத்து இரு கோடியிலும் குழாய் வைத்தால், 3 அங்குல உயரமே போதும் என்பது அப்போதுதான் உறைத்தது.

2016 பிப்ரவரியில் பழைய தளத்தை முழுவதுமாகப் பெயர்த்தோம். பழையதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடச் சிலர் யோசனை சொன்னார்கள், செலவும் பாதிதான். ஆனால் 3 அங்குல ஜல்லித் தளம் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதோடு, ஊறிய ஜல்லியை உள்ளேயே வைத்து மூடுவதிலும் எனக்கு விருப்பமில்லை. மழை நின்று இரண்டு மாதம் ஆகியும், தொட்டி மேடையருகே வெட்டியெடுத்த ஜல்லியைக் கையில் பிடித்துப் பிசைந்தபோது உள்ளங்கை நனைந்தது. கான்கிரீட்டில் தெரிந்த வெடிப்புகளை அடைத்து, வடகிழக்கிலும் தென்கிழக்கிலும் புதிதாக இரண்டு குழாய்கள் வைத்து, எல்லாக் குழாய் வாய்களையும் சாக்கால் அடைத்து மூன்று நாள் தண்ணீர் கட்டிச் சோதித்தோம். அந்த யோசனை மேஸ்திரியுடையது. "தண்ணியக் கட்டிப் பாருங்க சார், கீழ ஒரு சொட்டு எறங்கலைன்னாத்தான் மேல வேல" என்றார். இரண்டாம் நாள் கீழே ஓரிடத்தில் கசிந்தது. அதைச் சரிசெய்து மறுபடியும் கட்டினோம்.

பிறகு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்து, கைப்பிடிச் சுவரைச் சுற்றிலும் நடு முகட்டிலும் மட்டக் குறி போட்டு, குறிகளுக்கு இடையே நூல் கட்டினார்கள். அந்த ஒரு நாள் வேலைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் எண்ணம். சுண்ணாம்போடு கலந்த ஜல்லியைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நான்கு நாள் தட்டினார்கள். முதல் நாள் மண்ணில் குத்துவது போலச் சத்தமில்லாமல் இறங்கிய கட்டை, கடைசி நாள் 'டங்' என்று எகிறியது. அதுவே இறுகியதற்கு அடையாளம். சுவரும் தளமும் சேரும் மூலையைச் சுற்றிலும் வளைவாகப் பூசி, ஒவ்வொரு குழாய் வாயையும் சுற்றி ஒன்றரை அடிக்குத் தாம்பாளம் போல ஓர் அங்குலம் தாழ்த்தி, மேலே தட்டோடு பதித்தார்கள். தொட்டி மேடையை உடைத்துவிட்டு, தண்ணீர் அடியில் ஓடும்படி தூண்களின் மேல் தொட்டியை ஏற்றினோம். மொத்தச் செலவு 1,65,000 ரூபாய்.

ஒன்பது மழைக்காலங்கள் கடந்துவிட்டன. மழை விட்ட முக்கால் மணி நேரத்தில் மாடி வடிந்துவிடுகிறது, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடுகிறது. 2021 நவம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் குடை பிடித்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தேன். மூன்று குழாய்களும் முழு வேகத்தில் குடித்துக்கொண்டிருந்தன.

குறைகளும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, பக்கத்து வேப்ப மரத்தின் இலை முழுவதும் எங்கள் மாடியில் இறங்கி, குழாய் வாய்களை மூடியிருந்த தட்டையான ஜாலிகளை (துளையுள்ள மூடிகளை) அடைத்துக்கொள்ள, புதுத் தளத்திலும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வாட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வாய் அடைபட்டால் மாடி தொட்டிதான். அப்போதே குவிந்த வடிவ ஜாலிகளுக்கு மாற்றினேன். சுற்றிலும் இலை சேர்ந்தாலும் அதன் தலைப்பகுதி வழியே நீர் இறங்கும். புரட்டாசிக் கடைசியில் ஒரு முறையும், கார்த்திகை நடுவில் ஒரு முறையும் ஜாலியைக் கழற்றிக் கையை விட்டுத் துழாவுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மேற்குச் சுவரோரம் 2020இல் இணைப்புகள் வாய் பிளந்ததால், அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் மறுபடி பூச வேண்டியிருந்தது. சிவப்பு ஓட்டின் சூடும் ஒரு குறைதான். அப்போதே வெள்ளை ஓடு பதித்திருக்கலாம்.

அந்தச் சூட்டுக்காகவே 2019இல், முன்பு கைவிட்ட அதே வகை அக்ரிலிக் பூச்சை மீண்டும் வாங்கினேன். வீட்டில் சிரித்தார்கள். இம்முறை தளம் நன்றாகக் காய்ந்த ஏப்ரலில் அடித்தோம். 2024இல் மறு கை அடிக்கும்வரை ஐந்து மழைக்காலம் ஓரிடத்திலும் அது உரியவில்லை, வெயிலில் மெலிந்து தேய்ந்ததோடு சரி. முன்பு இரண்டு மழைக்காலம் தாங்காத அதே சரக்கு, தேக்கம் போனதும் ஐந்து தாங்கியது. தண்ணீர் நிற்கும் மாடிக்குப் பூச்சு விலை விசாரிக்கிற நண்பர்களிடம், முதலில் ஒரு மழை முடிந்ததும் தேக்கத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வைக்கச் சொல்கிறேன். 48 மணி நேரம் கழித்தும் கோட்டுக்குள் தண்ணீர் இருந்தால், அந்தப் பணத்தைக் கொத்தனாருக்குக் கொடுப்பதே மேல்.

சூரிய வெந்நீர்க் கருவி பொருத்த வந்தவர்கள் 2022இல் தட்டோட்டைத் துளைத்துப் போல்ட் இறக்கினார்கள். நான்கு கால்களில் ஒன்றைச் சுற்றி, ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனில் இப்போது ஈரம் நிற்கிறது. புரட்டாசிக்குள் அந்தக் காலைக் கழற்றி, அடியில் சிறிய கான்கிரீட் பீடம் கட்ட மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.