யாழ்ப்பாணத்துக்குத் தொண்டு செய்ய வருகிறவர்கள் காசு கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்

கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கிருந்தாலும் சரி, ஊருக்குப் போய் நாலு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்டர்களுக்கு எல்லாம் ஒழுங்குபடுத்தித் தருகிறோம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு, யாழ்ப்பாண டவுனில் ஒரு மாடி அறையில் அலுவலகம் வைத்திருக்கிற ஒரு இடம் என்னிடம் 1,400 கனேடிய டொலர் வாங்கியது. பெயரை எழுதவில்லை, பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது. பெயரைச் சொன்னாலும் நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள், ஆனால் செய்கிற விதம் அதேதான்.

அவர்கள் தருவதாகச் சொன்னது: மூன்று மாதம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு, திருநெல்வேலிப் பக்கம் ஒரு குடும்பத்தோடு தங்குமிடம், மூன்று நேரச் சாப்பாடு, நுளம்புவலை, விசா உதவி. வட்ஸ்அப்பில் கதைத்த தம்பி, "அக்கா, நீங்கள் எங்கட ஆள், ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, எல்லாம் நாங்களே பார்ப்பம்" என்றார். சின்ன வயதில் ஊரை விட்டுப் போனவர்களிடம் "எங்கட ஆள்" என்று சொன்னால் காசு தானாக வெளியே வரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விசா உதவி என்று சொன்னது ஒரு வட்ஸ்அப் மெசேஜ், அவ்வளவுதான். "சுற்றுலா விசாவுக்குப் போடுங்கள், எயார்போட்டில் கேட்டால் ஹொலிடே என்று சொல்லுங்கள்" என்று அதில் இருந்தது. சுற்றுலா விசாவில் வந்தவர் இலங்கையில் சம்பளம் வாங்கியோ வாங்காமலோ வேலை செய்யக் கூடாது. தொண்டராக வருகிறவருக்கு வதிவிட விசா வேறாக இருக்கிறது, அதற்கு உங்களை எடுக்கிற நிறுவனம் முறையாகப் பதிந்ததாக இருக்க வேண்டும், அலுவல் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நடக்கும். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நாங்கள்தான், அந்தத் தம்பி இல்லை.

அறை ஒரு வீட்டின் பின்பக்கம் இறக்கிய பத்தி, மேலே தகரம். பகலில் உள்ளே இருக்க முடியாது, மழை வந்தால் போனில் கதைக்க முடியாது. யன்னலுக்கு வலை இல்லை, படத்தில் காட்டிய நுளம்புவலையும் இல்லை, கட்டுவதற்குச் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. குடிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது, சுண்ணக்கல்லுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீரைத்தான் எல்லாரும் இறைக்கிறோம், அது கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும், அதைச் சுரண்டி எடுத்தால் ஓடு மாதிரிக் கழன்று வரும். அது ஊர் வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வளவில் மலசலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட என்று பார்த்த பிறகு நான் போத்தல் தண்ணீருக்கு மாறினேன், அதுவும் என் செலவில்.

இனி மருந்துப் பொதி. இதற்குத் தனியாக 60 டொலர். உள்ளே இருந்தது மலேரியாக் குளிசை! இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டே சான்றிதழ் கொடுத்துவிட்டது. இங்கே பயப்பட வேண்டியது டெங்குக்கு, அதுவும் ஐப்பசி மழை தொடங்கித் தை வரைக்கும். அந்த நுளம்பு பகலில் கடிக்கும், சிரட்டையிலும் பழைய டயரிலும் பூச்சாடித் தட்டிலும் தேங்கிய தண்ணீரில் பெருகும். இதைப் பற்றி அவர்கள் தந்த போட்டோகொப்பித் தாளில் ஒரு வரி இல்லை, இடது கையால் பரிமாறக் கூடாது என்று மட்டும் இருந்தது.

கார்த்திகையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்து, முதுகு முறிகிற மாதிரி நோவு. அலுவலகத்துக்கு எடுத்துச் சொன்னேன், "உடம்பு நோவுக்கு இபுபுரூஃபன் ரெண்டு போடுங்கோ, அக்கா, காலமை சரியாகிடும்" என்றார்கள். டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது இபுபுரூஃபன், அஸ்பிரின் தொடவே கூடாது, இரத்தக்கசிவை உண்டாக்கும், பனடோல் மட்டும்தான். நல்ல காலம், வீட்டுக்கார அன்ரி குளிசையைக் கையிலிருந்து பறித்துவிட்டு ஓட்டோ பிடித்து இரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போனார். பிளேட்லெட் இறங்கியிருந்தது, வாட்டில் போட்டுவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

பள்ளிக்கூடக் கதை இதைவிட மோசம். முதல் நாளே அதிபர் பிளேன்ரீ தந்து இருத்திவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, குறை நினையாதையுங்கோ, நீங்கள் வாறதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. வலயக் கல்வி அலுவலகத்தின்ர கடிதம் இல்லாமல் வகுப்புக்குள்ள விட ஏலாது." நான் கொண்டுபோன "அனுமதிக் கடிதத்தில்" இருந்தது அவர்களுடைய சொந்த முத்திரை மட்டும். அதிபர் செய்தது சரி, கண்ட நிண்டவரைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் விடாத பள்ளிக்கூடம்தான் எனக்கும் பிடிக்கும்.

உடனே அலுவலகம் என்னை ஒரு "கல்வி நிலையத்துக்கு" மாற்றியது. வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு என்றார்கள். நானும் காய்ச்சல் மாறின கையோடு மாலையில் மாலையில் போய்ப் படிப்பித்தேன். ஒருநாள் ஒரு தாய் வந்து, "ரீச்சர், மாதம் 2,500 கட்டுறம், இவனுக்கு இன்னும் ஒரு வசனம் பேச வருகுதில்லையே" என்று கேட்டார். வெளியே போய்ப் பார்த்தால், றோட்டுப் பக்கம் பெரிய பதாகை, கனடா ரீச்சரிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ், பக்கத்தில் என் படம். என்னிடமும் காசு, பெற்றோரிடமும் காசு, ரீச்சருக்குச் சம்பளம் இல்லை. நிரந்தர நியமனம் கிடைக்கும் என்று வருடக்கணக்காகக் காத்திருக்கும் தொண்டர் ஆசிரியர்கள் நிறைந்த மாகாணம் இது, அவர்களில் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கலாம்.

வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டேன். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று என்னிடம் மாதம் 300 டொலர்ப்படி எடுத்திருந்தார்கள், அவரிடம் கொடுத்தது 15,000 ரூபாய். காலையில் பாணும் சம்பலும் மட்டும் வந்ததற்கு அந்த மனிசியைக் குற்றம் சொல்ல முடியாது.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு "நிர்வாகச் செலவு திருப்பித் தரப்படாது" என்ற ஒரு வரிதான் பதில். பற்றுச்சீட்டில் பதிவிலக்கம் இல்லை, காசு போனது ஒரு தனியாளின் கணக்குக்கு. ஆகவே யாராவது உங்களிடம் இப்படிக் கதைத்தால் முதலில் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். இலங்கையில் தொண்டு நிறுவனங்களைப் பதிய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலோ சொந்தக்காரர் யாரையாவது விட்டு விசாரிக்கலாம். கம்பனியாகப் பதிந்த பத்திரத்தைக் காட்டினால் அது வேறு பதிவு, இந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தது ஆகாது. பள்ளிக்கூடம் என்றால் அதிபரோடு நேரே போனில் கதையுங்கள், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எடுத்துக் கேளுங்கள், வலிகாமமோ தீவகமோ எந்த வலயம் என்றே சொல்லத் தெரியாதவன் அனுமதி எடுத்திருக்க மாட்டான். தங்குமிடக் காசை மாதாமாதம் வீட்டுக்காரரின் கையில் கொடுங்கள். ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம்கூட விண்ணப்பிக்கிறவரிடம் ஒரு சதம் வாங்குவதில்லை.

பொலிஸில் முறைப்பாட்டுப் பிரதி தந்திருக்கிறார்கள், விசாரணைக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள், இன்னும் கூப்பிடவில்லை. பதாகை இதை எழுதும்போதும் அங்கேதான் தொங்குகிறது. திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற பெற்றோருக்கு: அதில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற பெண் நான்தான், நான் இப்போது அங்கே படிப்பிக்கவில்லை, என் படத்தைப் பார்த்துக் காசு கட்ட வேண்டாம்.