ஊர்ப் பள்ளியா, வேன் ஏறும் பள்ளியா?

மே மாதம் வந்தால் அரியலூர் மாவட்டத்தில் எங்கள் ஆண்டிமடம் பக்கத்து ஊர்களில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கும். ஒரு பக்கம் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்குவோம். இன்னொரு பக்கம் தனியார் பள்ளிக்காரர்கள் வீடுவீடாக வந்து நோட்டீஸ் கொடுப்பார்கள். கொட்டை விற்ற பணம் கைக்கு வரும் நேரத்தில்தான் முதல் தவணைக் கட்டணமும் வந்து நிற்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 89 பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே நகர்ப்புற மக்கள் விகிதம் மிகக் குறைந்த மாவட்டம் இதுதான். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற கேள்வி இங்கே பெரும்பாலும் இப்படித்தான் வரும்: தெருக்கோடியில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியா, மெயின் ரோட்டில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும் ஆங்கிலவழிப் பள்ளியா? சில ஊர்களில் அரசு உதவிபெறும் பள்ளியும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை வேனில் போனாள். இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மகன் முதலிலிருந்தே ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறான், இப்போது இரண்டாம் வகுப்பு. இரண்டு வழியையும் ஒரே வீட்டில் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

வேன் பள்ளியின் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். ஆசிரியர் வரவில்லை என்று ஒரு நாளும் வகுப்பு சும்மா இருந்ததில்லை. எல்.கே.ஜி., யூ.கே.ஜி. இருந்ததால் நாலு வயதிலேயே மகள் ஒழுங்காக உட்காரப் பழகினாள். வீட்டுப்பாடம் தவறாமல் வந்தது. காட்டு வேலைக்குப் போகிற பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எனக்குத் தெரியும். அந்த நிம்மதிக்காகத்தான் நானும் பணம் கட்டினேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் அவளுடைய நோட்டைப் புரட்டினேன். மண்ணரிப்பு என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி, கீழே மூன்று வரியில் பதில், பக்கத்தில் சிவப்பு மையில் சரி. கேட்டதும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் ஒப்பித்தாள். எங்கள் தோப்புக்குப் பின்னால் செம்மண்ணை மழைத் தண்ணீர் அறுத்து, முந்திரி வேர் வெளியே தெரிகிற ஒரு பள்ளம் உண்டு. அங்கே அழைத்துப் போய் இது என்ன என்று கேட்டேன். "வாய்க்கால்" என்றாள். நோட்டில் எழுதியதும் காலடியில் கிடப்பதும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மகன் முந்திரிக்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுகிறான். பள்ளியில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக் கணக்குச் சொல்லித் தருகிறார்கள், அதையே வீட்டிலும் செய்கிறான். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரித்து நடத்துகிறார்கள். தமிழை அவன் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறான். ஆங்கிலத்தில் அக்காவை விடப் பின்தங்கித்தான் இருக்கிறான், அதை மறைக்கப் போவதில்லை.

ஊர்ப் பள்ளியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் அன்று ஐந்து வகுப்பும் ஒரே அறையில்தான். இருக்கிறவருக்கும் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் பள்ளி, பிள்ளைகள் விவரம் ஏற்றும் வேலை. "டீச்சர் இன்றைக்கு முழுக்க போனிலேயே ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தார்" என்று மகன் வந்து சொன்ன நாட்கள் உண்டு. ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்த நாட்கள் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

பாடப் புத்தகத்தை வைத்து இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பலர். 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு சமச்சீர் கல்வி நடைமுறைக்கு வந்தபிறகு மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு. சின்ன வகுப்புகளில் தனியார் பதிப்பகப் புத்தகங்களைக் கூடுதலாக வாங்கச் சொல்வதால்தான் பை கனக்கிறது.

சாப்பாட்டையும் நேரத்தையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மகள் ஏழே காலுக்கு வேன் ஏறுவாள். பாதி இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவாள். மாலை திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம் நெருங்கிவிடும். மகன் எட்டரைக்குப் பள்ளிக்கு நடந்து போய் அங்கேயே கிச்சடியோ பொங்கலோ சூடாகச் சாப்பிடுகிறான். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு. விடிகாலையில் தோப்புக்குப் போகிற தாய்மாருக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

நோட்டீஸில் எழுதாத ஒரு கணக்கும் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து வரப்போகும் கணக்கு அது. எங்கள் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவை யாரும் மறக்கவில்லை. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியும் நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போன பெண். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. நீட் எழுதித் தகுதி பெறத்தான் வேண்டும், ஆனால் அந்த இடங்களுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்தான் போட்டி. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. நிபந்தனை: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது.

இது தெரிந்தவர்கள் ஐந்து வரை வேனில் அனுப்பிவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். இரண்டு பக்கத்து நன்மையும் கிடைக்கும் என்று நானும் அப்படித்தான் செய்தேன். ஒன்றை மட்டும் கவனிக்கத் தவறினேன். மாநில அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கிலவழியில் போன ஐந்து வருடத்தில் என் மகளுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. பள்ளிச் சேர்க்கையின்போது எவரும் இதைச் சொல்லவில்லை. அரசுப் பள்ளியிலேயே ஆங்கிலவழிப் பிரிவில் சேர்க்கிறவர்களும் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கலாமே என்பார்கள். நல்ல வழிதான், ஆனால் பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வேன் ஏறிப் போகவேண்டிய ஊர்க்காரர்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்? ஜெயங்கொண்டம், அரியலூர் போன்ற ஊர்களில் குடியிருப்பவர்களுக்குக் கிடைக்கலாம். அதுவும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அப்படிப் படித்த பிள்ளை ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தால் 7.5 சதவீதம் அவர்களுக்கும் உண்டு.

உதவிபெறும் பள்ளி பக்கத்தில் இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். ஆசிரியருக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது, 2024 முதல் கிராமப்புறத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு, தமிழ்வழியில் படித்தால் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகையும் உண்டு. 7.5 சதவீதம் மட்டும் அங்கே படித்தவர்களுக்கு இல்லை. ஐந்தாவது வரை அங்கே தமிழ்வழியில் படித்து ஆறில் அரசுப் பள்ளிக்குப் போனால் எதையும் இழக்க மாட்டீர்கள்.

என் முடிவைக் கேட்டால், தெருவில் இருக்கும் அரசுப் பள்ளியில், தமிழ்வழியில், முதல் வகுப்பிலிருந்தே சேர்ப்பேன். ஆனால் ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்காமல் சேர்க்க மாட்டேன். மாற்றுப்பணியில் ஒருவரை வேறு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்களா என்றும் கேட்பேன். ஓராசிரியரை மட்டும் வைத்து நடக்கும் பள்ளியென்றால் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கு சைக்கிளில் கொண்டுபோய் விடவும் தயங்க மாட்டேன். ஆங்கிலத்துக்கு மாலையில் வீட்டில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மகனுக்கு இப்போது அக்காதான் சொல்லிக் கொடுக்கிறாள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம், பாதிப்பேர் பெண்கள். போன கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான், 61-ஆவது பிள்ளை சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் 54 பேர் படிக்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து மட்டும் காலையில் ஒன்பது பிள்ளைகள் வேன் ஏறுகிறார்கள். அந்த ஒன்பது வீட்டுக்கும் இந்த மே மாதம் நோட்டீஸ்காரர்கள் வருவதற்கு முன்னால் போய்ப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.