மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: ஓய்வுக்கால வருமானத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பணி ஓய்வின்போது கைக்கு வரும் பி.எஃப்., கிராஜுவிட்டித் தொகையை எங்கே போடுவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, மத்திய அரசு 2004-இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைத்தான். அறுபது வயது நிறைந்தவர்கள் அஞ்சலகத்திலோ வங்கியிலோ இக்கணக்கைத் தொடங்கலாம். ஐம்பத்தைந்து வயதுக்குமேல் ஓய்வு பெற்றவர்களுக்கும் சில நிபந்தனைகளோடு இடம் உண்டு. 2023 ஏப்ரலில் முதலீட்டு வரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாகவும், வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டன.

அந்த வட்டியில் 30 லட்சம் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 20,500. கணக்குத் தொடங்கிய நாளின் வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது என்பதும், அரசே பொறுப்பேற்கிறது என்பதும், சந்தை சரியும்போது தூக்கம் கெடாமல் குடும்பம் நடத்த விரும்புவோருக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் ஐந்தாண்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 2015 ஏப்ரலுக்குப் பின் 9.3 சதவீத வட்டியில் 15 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 34,875 ரூபாய் கிடைத்தது. அது 2020-இல் முதிர்ந்து, அவர் மூன்றாண்டுக்கு நீட்டித்தபோது, வட்டி 7.4 சதவீதமாக இறங்கியிருந்ததால் 27,750 ரூபாய்தான் வந்தது. மருந்துச் செலவு ஏறும் வயதில் காலாண்டுக்கு 7,125 ரூபாய் குறைவது சின்ன விஷயம் அல்ல. வட்டி இறங்காவிட்டாலும் விலைவாசி ஏறும். அது ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால், பன்னிரண்டே ஆண்டுகளில் அந்த 20,500 ரூபாயின் வாங்கும் சக்தி ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆகவே மாதாந்திரச் செலவுக்குத் தேவையான அளவை மட்டும் இதில் வைத்து, பத்தாண்டுக்குத் தொட வேண்டியிராத பணத்தில் ஒரு பகுதியைப் பங்குசார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் வைப்பதே சரியென்று நான் உறுதியாக நினைக்கிறேன். வரம்புக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளைத் தொடங்க இடம் இருப்பதால், முழுத் தொகையையும் ஒரே நாளில் போடாமல் ஆண்டு விட்டு ஆண்டு பிரித்துப் போட்டால், எல்லாம் சேர்ந்து வட்டி குறைந்த நேரத்தில் முதிரும் அபாயமும் குறையும்.

இடையில் பணத்தை எடுப்பது நட்டம். ஓராண்டுக்குள் கணக்கை முடித்தால் வட்டியே கிடையாது, கொடுத்ததையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் அசலில் ஒன்றரை சதவீதமும், அதன்பின் ஒரு சதவீதமும் கழியும். மருத்துவ அவசரத்துக்கான தொகையைத் தனியே வைத்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். வட்டி முழுவதும் வருமான வரிக்கு உட்பட்டது என்பதையும் கருத்தில் கொள்க.

விண்ணப்பத்தில் கணவனும் மனைவியும் கூட்டாகச் சேர்வது நல்லது. இல்லையேல் துணைவரை ஒரே நாமினியாகவாவது குறிப்பிட வேண்டும். கணக்குதாரர் காலமானால், தகுதியுள்ள துணைவர் அதே வட்டியில் முதிர்வு வரை தொடர அதுவே வழி. மற்ற வாரிசுகளுக்கு இறந்த நாளிலிருந்து சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான். காலாண்டு வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி சேராது என்பதால், அது தானாகவே சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.